ஜாம்ஷெட்ஜி டாட்டா வாங்கிய பழைய ஆலை

இந்தியத் திருநாட்டின் தொழில் வரலாற்றைப் புரட்டுவோர் எவரும் ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா என்னும் பெயரைக் கடந்து செல்ல இயலாது. எஃகு ஆலை, நீர்மின் நிலையம், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் என மூன்றைச் சொல்லி, அப்பெருமகனுக்கு ஒரு மாலையைச் சூட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். பள்ளியில் நான் படித்த பாடமும் அவ்வளவில்தான் நின்றது. ஆனால், தோழர்களே, அம்மூன்றும் உருப்பெற்றது அவர் கண்மூடிய பிறகு. உயிரோடிருந்த நாளில் அவர் கட்டியும் வாங்கியும் விற்றும், ஒரு தடவை அதனாலேயே மூழ்கிப்போகும் நிலைக்கு வந்தும் நடத்தியவை பஞ்சாலைகளே. அந்த ஆலைகளின் கதையைத்தான் நான் இங்கே எழுத விரும்புகிறேன். பழைய இயந்திரத்தை வாங்குவதா, புதியதை வாங்குவதா என்னும் கேள்வியை அவரைப்போல் பலமுறை எதிர்கொண்டவர்கள் நம் நாட்டில் அரியர்.

விருதுநகர் வட்டாரத்தில் இக்கேள்வி எவருக்கும் புதிதன்று. சிவகாசி அச்சகங்களில் ஓடும் ஆப்செட் மிஷின்களில் கணிசமானவை வெளிநாட்டில் ஒரு வாழ்க்கையை வாழ்ந்து முடித்துவிட்டுக் கப்பலேறி வந்தவை. ராஜபாளையத்து மில்களிலும் ஒரு மில் கழித்த மிஷினை இன்னொரு மில் வாங்குவது உண்டு. ஆகவே இதை வெறும் பெரிய மனிதர் கதையாகப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

1839ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் குஜராத்தில் உள்ள நவசாரி என்னும் சிற்றூரில் ஜாம்ஷெட்ஜி பிறந்தார். அவர் குடும்பம் பார்சி புரோகிதர் குடும்பம். வழிவழியாக வந்த அத்தொழிலை விட்டு வியாபாரத்தில் இறங்கிய முதல் மனிதர் தந்தை நசர்வான்ஜி. மகனைப் பம்பாய்க்கு அழைத்து எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்த்தார். 1858இல், இன்றைய பட்டத்துக்கு நிகராக அன்று கருதப்பட்ட தேர்ச்சியை ஜாம்ஷெட்ஜி பெற்றார். புத்தகங்களின்மீது அவருக்கு இருந்த பற்று கடைசிவரை குறையவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான் என்பதனாலோ என்னவோ, அவர் வரலாற்றில் இந்தப் பகுதியை இரண்டு முறை படித்தேன்.

படிப்பு முடிந்ததும் தந்தையின் நிறுவனத்தில் சேர்ந்து 1859இல் ஹாங்காங் சென்றார். அங்கே பருத்தியோடு அபினும் விற்பனைப் பொருளாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்காலத்தில் அது சட்டம் அனுமதித்த வாணிகம்தான். என்றாலும் வரலாறு எழுதுவோர் பலர் அந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றனர்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் காரணமாக இங்கிலாந்துக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது நின்றபோது, இந்தியப் பஞ்சின் விலை வானைத் தொட்டது. பம்பாய் முழுவதும் பணத்தில் மிதந்தது. 1865இல் போர் முடிந்தது, விலை சரிந்தது, முந்திய நாள் வரை செல்வராயிருந்தவர்கள் ஓட்டாண்டிகளாயினர். அப்பொழுது ஜாம்ஷெட்ஜி லண்டனில் இருந்தார். அவர் கையில் இருந்த பருத்தி உண்டியல்கள் வெறுங்காகிதங்களாயின. அவர் ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்தவர்களைத் தாமே சந்தித்து நிலைமையை ஒளிக்காமல் எடுத்துரைத்தார். அவர்கள் அவரையே சம்பளத்துக்கு அமர்த்தி, அவருடைய சொந்த நிறுவனத்தின் கணக்கை முடித்துவைக்கும் பொறுப்பைக் கொடுத்தனர். வயது இருபத்தாறு. நாம் கல்லூரியை விட்டு வெளியேறி நாலைந்து ஆண்டுகளில் எட்டப்போகும் வயது!

1868இல் 21,000 ரூபாய் முதலோடு தனியாகத் தொழில் தொடங்கினார். மறு ஆண்டு அவர் செய்த காரியம்தான் நம் பொருளுக்கு முதற்படி. பம்பாயில் சிஞ்ச்போக்ளி என்னும் பகுதியில், நொடித்துப்போன ஓர் எண்ணெய் ஆலை விலைக்கு வந்தது. அதை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றி, அலெக்சாண்ட்ரா மில் எனப் பெயர் சூட்டினார். இரண்டே ஆண்டுகளில் நல்ல இலாபத்துக்கு அதை ஒரு பருத்தி வியாபாரியிடம் விற்றும்விட்டார்.

பழையதை வாங்கி ஆதாயம் பார்த்த கதை இது. ஆனால் கூர்ந்து நோக்குங்கள். பழைய எண்ணெய் ஆலையில் அவர் வாங்கியது இடமும் கட்டடமும்தாம். நூற்கும் வேலைக்கு வேண்டியவற்றை அவரே அமைத்துக்கொண்டார். அதோடு, காலமெல்லாம் வைத்து ஓட்டும் ஆலையாகவும் அது அமையவில்லை. இரண்டாண்டுக்குள் கைமாற்றப்பட்ட பொருளில் தேய்மானம் வாங்கியவரைத்தான் சேரும். இதையே பாடமாகக் கொண்டு, பழையது என்றால் எப்போதும் இலாபம் என்று ஒருவர் நினைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது பின்னால் வருகிறது.

அடுத்து, லங்காஷயர் சென்று அங்குள்ள ஆலைகளை நேரில் பார்த்து வந்தார். பம்பாயில் ஆலை கட்டுவதுதான் அன்றைய வழக்கம். அவரோ பருத்தி விளையும் மண்ணுக்கே ஆலையைக் கொண்டுபோக எண்ணினார். பருத்தி, நிலக்கரி, இரயில் மூன்றும் கிட்டும் இடமாக நாகபுரியைத் தேர்ந்தெடுத்தார். கிடைத்த நிலம் சதுப்பு நிலம். மண் கொட்டி மேடாக்க வேண்டியிருந்தது. அவ்வூர்ச் செல்வர் ஒருவர், தங்கத்தைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டுகிறார் என்று சொல்லிப் பணம் தர மறுத்தாராம். பின்னாளில் அதே மனிதர், இவர் மண்ணைக் கொட்டித் தங்கத்தை எடுத்தார் என்று ஒப்புக்கொண்டதாகவும் சொல்வர்.

1874இல் 15 லட்சம் ரூபாய் முதலில் கம்பெனி பதிவாயிற்று. 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட அன்று, ஆலை திறக்கப்பட்டது. அதனால் அதற்கு எம்பிரஸ் மில் என்று பெயர். ஏறத்தாழ 30,000 கதிர்களும் 450 தறிகளும் இருந்தன. மேலாளராக அமர்த்தப்பட்ட பெசோன்ஜி தாதாபாய் மேத்தா இரயில்வேயில் சரக்குப் பிரிவில் பணியாற்றியவர்; பஞ்சாலை அவருக்குப் புதிது. தொழில்நுட்பத்துக்கு ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்னும் ஆங்கிலேயர் இருந்தார்.

இங்கேதான் வியப்பு. இது பழைய ஆலை அன்று, யாவும் புதியவை. இருந்தும் தொடக்கத்தில் ஆலை தள்ளாடியது. காரணம், முதலைச் சிக்கனப்படுத்த வேண்டித் தரம் குறைந்த இயந்திரங்களை வாங்கியிருந்தனர். நூல் நன்றாக வரவில்லை. பங்கின் விலை விழுந்தது. புதிய இயந்திரம் என்பதும் நல்ல இயந்திரம் என்பதும் ஒன்றல்ல என்பதை அவர் காசு கொடுத்துக் கற்றார். கற்றதும் தயங்கவில்லை, மட்டமானவற்றைக் கழித்து நல்லவற்றைத் தருவித்தார். நாகபுரியின் வெயில் நம் காரியாபட்டி வெயிலுக்கு இளைத்ததன்று. காற்று வறண்டால் நூலிழை முறுக்கேறும்போதே அறும். ஆகவே ஆலைக்குள் காற்றை ஈரப்படுத்தும் கருவிகளை அமைத்தார். பஞ்சில் தீப்பற்றினால் தானே நீர் தெளிக்கும் குழாய்களையும் வைத்தார்.

இயற்பியல் மாணவன் என்ற உரிமையில் ஒரு செய்தியைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். அன்று நூற்புக்கு மியூல், த்ராஸில் என்று இருவகை இயந்திரங்கள் வழக்கில் இருந்தன. மியூலில் ஒரு வண்டி முன்னே வந்து இழையை இழுத்து முறுக்கும். பின்னே போகும்போது சுற்றும். முறுக்கும் நேரத்தில் சுற்றாது, சுற்றும் நேரத்தில் முறுக்காது. பாதி நேரம் வீண். த்ராஸிலில் வேலை இடைவிடாது நடக்கும்; ஆனால் கதிரின் தலையில் இரண்டு கைகளைப்போல் ஓர் உலோக வளைவு சேர்ந்து சுழலும். வேகத்தைக் கூட்டினால் மைய விலக்கு விசையால் அக்கைகள் அதிரும். எனவே வேகத்துக்கு வரம்பு உண்டு. அமெரிக்காவில் 1828இல் உருவான ரிங் முறையில் அந்தக் கனத்த கைகளே இல்லை. கதிரைச் சுற்றி ஒரு வளையம். வளையத்தின்மேல் ஊர்ந்து ஓடும் ஒரு சிறு கம்பி வளைவு. மில்லில் வேலை பார்ப்போர் அதை டிராவலர் என்பர். கதிர் இழுக்க, இழையோடு சேர்ந்து அதுவும் சுற்றும். ஆனால் கதிரைவிடச் சிறிது பிந்தும். சுற்றுவதனால் முறுக்கு ஏறுகிறது. பிந்துவதனால் நூல் பாபினில் சுற்றிக்கொள்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில், நிற்காமல்! ஒரு குண்டூசி அளவுக் கம்பி செய்யும் வேலையைப் பாருங்கள்.

லங்காஷயர்க்காரர்கள் இதைச் சட்டை செய்யவில்லை. அவர்களிடம் மியூல்கள் ஏராளம்; அவற்றை ஓட்டும் தேர்ந்த தொழிலாளர்களும் ஏராளம். இருப்பதைக் கழிக்க மனம் வராது அல்லவா? நாகபுரியிலோ மியூலில் கைதேர்ந்த பரம்பரைத் தொழிலாளி எவரும் இல்லை. கற்றுக்கொள்ள எளிதான ரிங் முறையே அவர்களுக்கு ஏற்றது. இரண்டு பிரேம்களை மட்டும் வரவழைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். தயாரித்தவர்கள் விதித்த வேகத்துக்கும் மேலே ஓட்டிப் பார்த்து, பலன் கண்ட பின்னரே மற்றவற்றை மாற்றினார்கள். இங்கிலாந்தே பரவலாக ஏற்காத இயந்திரத்தை இந்திய ஆலை ஒன்று ஏற்று ஓட்டியது.

இப்படி அனுபவம் பெற்றவர் 1886இல் என்ன செய்தார் தெரியுமா? பழைய ஆலை ஒன்றை வாங்கினார்.

பம்பாய்க்கு அருகே குர்லாவில் தரம்சி மில் ஏலத்துக்கு வந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் கதிர்களும் 1,300 தறிகளும் கொண்ட பேராலை. ஏலத்தில் எடுத்த விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். கட்டிய செலவில் ஒரு சிறு பகுதிதான். எம்பிரஸ் மில் தொடங்கியபோது போட்ட முதலைவிடக் குறைந்த தொகைக்கு அதனினும் மும்மடங்கு ஆலை! எவருக்குத்தான் கை நீளாது? லங்காஷயரின் மெல்லிய நூலோடு போட்டியிட வேண்டும் என்னும் எண்ணமும் அவருக்கு இருந்தது. சுதேசி மில் என்று பெயர் வைத்தார். சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவுவதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முந்திய பெயர் அது.

ஆனால் அந்த ஆலையின் இயந்திரங்கள் உளுத்துப்போனவை. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று நின்றது. சரிவர ஓட்டுவதற்கே ஆண்டுகள் பிடித்தன. கீழை நாடுகளுக்கு அனுப்பிய நூலின் தரத்தைப்பற்றிக் குறை கூறி மடல்கள் வந்தன. பங்கின் விலை தரையைத் தொட்டது. டாட்டாவின் பெயருக்காகவே பணம் போட்டவர்கள் முகம் சுளித்தனர். மலிவு என்று வாங்கியது எவ்வளவு விலை உயர்ந்தது என்று அப்போது தெரிந்தது.

என் வீட்டுச் செய்தி ஒன்றை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஒன்பது ஆண்டுகளாக மிஷின் ஓட்டுகிறார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதும் அந்தச் சம்பளம்தான். இப்போது அவரும் நண்பர் ஒருவரும் சேர்ந்து ஒரு பழைய இரண்டு கலர் மிஷினை வாங்கித் தனியாகத் தொழில் தொடங்க நினைக்கின்றனர். புதிய மிஷினின் விலையைக் கேட்கக்கூட எங்களுக்கு வழியில்லை. பழையதற்கே எங்கள் இரண்டு ஏக்கர் கரிசலை அடகு வைத்தாக வேண்டும். அம்மா சரியென்றார், அய்யா இன்னும் வாய் திறக்கவில்லை. படித்த பிள்ளை நீ என்ன சொல்கிறாய் என்று என்னைக் கேட்டார்கள். முன்பு அண்ணன் வேலை பார்த்த வேறோர் அச்சகத்தில், மேலே பெயின்ட் அடித்துப் பளபளவென்று வந்த ஒரு பழைய மிஷின் காலண்டர் சீசன் முழுவதையும் விழுங்கிவிட்டது. தாளைப் பிடிக்கும் கிரிப்பர் தேய்ந்து, கலர் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழவில்லை. முருகன் படத்தில் உதட்டின் சிவப்பு கன்னத்தில் இறங்கியிருந்ததாம். அண்ணன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்த முதலாளி சிரித்திருக்க மாட்டார். கல்லூரி நூலகத்தில் நான் ஜாம்ஷெட்ஜியின் வரலாற்றைத் தேடி எடுத்தது இந்தக் கேள்விக்காகத்தான்.

ஆகவே, சுதேசி மில்லில் அவர் செய்தது என்ன என்பதை நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

முதலில் பணம். குடும்பத்துக்கென்று எழுதி வைத்திருந்த அறக்கட்டளையை ரத்து செய்து அந்தச் சொத்தை ஈடாகக் கொடுத்தார். தம்மிடமிருந்த எம்பிரஸ் மில் பங்குகள் சிலவற்றையும் விற்றார். யானையை வாங்கியவன் அங்குசத்துக்கும் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்பது இதுதான். ஏலத்தில் கொடுத்த பன்னிரண்டரை லட்சம் அந்த ஆலையின் விலை அன்று. அதை ஓட வைப்பதற்கு ஆன செலவையும் கூட்டினால்தான் அதன் விலை. அவரிடம் விற்பதற்கு எம்பிரஸ் பங்குகள் இருந்தன. எங்களிடம் இரண்டு ஏக்கருக்கு மேல் இல்லை. அதனால் அடகுப் பணம் முழுவதையும் மிஷினுக்கே கொடுத்துவிடக் கூடாது, ரோலருக்கும் பேரிங்குக்கும் ஒரு பகுதியை முதல் நாளே ஒதுக்க வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். குறைந்த விலைக்குக் கேட்டுப் படியாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்தது ஆட்கள். இது எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. நாகபுரியில் பழகிய கைதேர்ந்த ஆட்களை ஜாம்ஷெட்ஜி குர்லாவுக்கு வரவழைத்தார். எந்தச் சக்கரம் எதனால் முனகுகிறது என்று காதால் கேட்டே சொல்லக்கூடியவர்கள் இல்லாமல் பழைய ஆலையை மீட்க முடியாது. அவர்கள் பார்த்துச் சொன்னபடி, ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கி எறியாமல், மோசமானவற்றிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மாற்றினார். சில ஆண்டுகளில் சுதேசி மில் நூலுக்கு மதிப்பு வந்தது. மெல்லிய நூலுக்கு நீண்ட இழைப் பஞ்சு வேண்டும். நம் கருங்கண்ணியைப்போன்ற குட்டை இழைப் பஞ்சு அதற்கு உதவாது. அதனால் எகிப்தியப் பருத்தியை இந்தியாவில் பயிரிடுவதுபற்றி 1896இல் ஒரு சிறு நூலே எழுதினார்.

தொழிலாளரையும் அவர் மறக்கவில்லை. எம்பிரஸ் மில்லில் ஓய்வூதிய நிதி, விபத்துக்கு நட்ட ஈடு, சேமநிதி ஆகியவற்றைச் சட்டம் கேட்பதற்கு நெடுங்காலம் முன்பே ஏற்படுத்தினார். ஆளை வைத்தே இயந்திரம் என்பதைக் கண்டுகொண்டவருக்கு இது இயல்பாகவே வந்திருக்கும் என்பது என் கருத்து.

நம் சிவகாசியிலும் இதை ஒத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். இயந்திரங்களோடு தொடங்கிய அத்தொழில், விரைவிலேயே பெரும்பாலும் கைவேலைக்கு மாறியது. மானாவாரி பூமியில் மழை பொய்த்தபோது வேலை தேடும் கைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன; அவற்றின் கூலிக்கு முன்னால் இயந்திரம் கட்டுபடியாகவில்லை. அக்கைகளுள் பல சிறுவர் சிறுமியர் கைகளாக இருந்தன என்பது அந்தக் கணக்கில் எழுதப்படாத செலவு.

ஜாம்ஷெட்ஜி ஒரு தடவை வாங்காமலே ஓட்டியும் பார்த்தார். இந்திய நூலைக் கீழை நாடுகளுக்கு ஏற்றிச் செல்ல ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி அநியாயக் கட்டணம் வாங்கியது. 1893இல் ஜப்பானியக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து, கப்பல்களை வாடகைக்கு அமர்த்திப் போட்டியிட்டார். எதிரிகள் டன்னுக்கு ஒன்றரை ரூபாய் வரை கட்டணத்தை இறக்கினர். அதற்குக் கீழே போக அவரால் ஆகவில்லை. பெரும் நட்டத்தோடு நிறுத்தினார். தூத்துக்குடியில் வ.உ.சி. பின்னாளில் பட்ட பாட்டை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இரும்பு, எஃகு என்னும் கனவு அவரை இளமையிலிருந்தே பற்றியிருந்தது. 1902இல் அறுபத்து மூன்று வயதில் அமெரிக்கா சென்றார். பிட்ஸ்பர்க் ஆலைகளைப் பார்த்துவிட்டு அவர் முதலில் தேடியது உலையை அன்று; ஓர் ஆளை. நியூயார்க்கில் சார்லஸ் பேஜ் பெரின் என்னும் பொறியாளரைக் கண்டு, இந்தியாவுக்கு வந்து தாதுவையும் நிலக்கரியையும் நீரையும் ஆராயும்படி கேட்டுக்கொண்டார். எதை வாங்குவது என்னும் பேச்சு அதற்குப் பிறகுதான்.

1903 டிசம்பரில் பம்பாயில் தாஜ்மகால் ஓட்டலைத் திறந்தார். 1904 மே 19ஆம் நாள் ஜெர்மனியில் பாட் நௌஹைம் என்னும் ஊரில் காலமானார். இங்கிலாந்தில் புரூக்வுட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அறிவியல் கழகம் 1909இல் தோன்றியது. எஃகுக் கம்பெனி 1907இல் பதிவாகி, 1912இல் சாக்சியில் முதல் எஃகு வார்க்கப்பட்டது. 1919இல் அவ்வூருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயரிட்டனர். எம்பிரஸ் மில் நூறாண்டுக்கு மேல் ஓடியது. இன்று அதுவும் ஓடவில்லை, குர்லாவின் சுதேசி மில்லும் ஓடவில்லை.